திருவரங்கத்து ஆரோக்கியசாலை

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குள் தன்வந்திரி சன்னிதி இன்றும் இருக்கிறது. நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெருமாளின் பார்வையில் நடந்த ஆரோக்கியசாலைதான் இல்லை. இந்த இரங்கல் அதற்கு.

13ஆம் நூற்றாண்டில், போசள மன்னன் ராமநாதன் ஆட்சியில், தண்டநாயகன் சிங்கணன் அதைக் கட்டி கருடவாகன பண்டிதரிடம் ஒப்படைத்தான். பிறகு டெல்லிப் படையெடுப்பு. 1323இல் ஊரைவிட்டுப் போன கோயிலின் உற்சவர் நம்பெருமாள் 1371இல் திரும்பி வந்துவிட்டார்; இடிந்துகிடந்த மருத்துவசாலை எழுந்திருக்க மேலும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1493இல் ஸ்ரீநிவாசன் என்கிற கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார் என்கிறது கல்வெட்டு. முன்னோர் கையில் இருந்த மருத்துவசாலை விழுந்துகிடப்பதைத் தன் வீட்டுக் குறையாக நினைத்த ஒரு மனிதர் இந்த ஊரில் இருந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட சாலைகள் எப்படி நடந்தன என்பதற்குக் காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு நல்ல சாட்சி. வீரராசேந்திர சோழன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டு. படுக்கை பதினைந்து. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு பேர். மருந்து காய்ச்சி நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர், தண்ணீர் வார்க்க ஒருவர். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. இத்தனைக்கும் வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாய் எழுதிவைக்கப்பட்டது. நிலம் விளைகிறவரை விளக்கு எரியும் என்பதுதான் ஏற்பாடு. கட்டடம் கொடுத்ததைவிட இதைத்தான் பெரிய தர்மம் என்பேன்.

இன்று தர்மத்துக்குச் சட்டமே இருக்கிறது. 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தாக வேண்டும். திருச்சி வட்டாரத்திலும் அந்தப் பணம் வருகிறது; நல்லது. ஆம்புலன்ஸ், மூன்று சக்கர வண்டி, செவித்திறன் கருவி என்று கைக்குக் கிடைத்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் பெரும்பாலும் பொருளாகவே வருகிறது. நான் பார்த்த ஒரு மருத்துவமனையில், கொடுத்தவர் பெயர் பளபளக்க, டயாலிசிஸ் இயந்திரம் துணி போர்த்தி நின்றது. அதை இயக்க ஆள் இல்லை. ஆளுக்குச் சம்பளம் யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்க விதியும் இடம் தரவில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு, தொடர் திட்டம் என்றாலும் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று வருஷம்தான். ஓர் அமைப்பின் மூலநிதியில் போடும் பணம் இந்தக் கணக்கில் சேராது. பணத்தைச் சொந்த அறக்கட்டளையில் முடக்கிவைக்கிறார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கதவைச் சாத்தியபோது வயலைக்காவூருக்கும் சேர்த்துச் சாத்திவிட்டோம். சோழன் இன்று வந்து ஒரு மருத்துவமனைக்கு முதல் போட்டால், அது 2 சதவீதத்தில் வராது.

எனக்குத் தாங்க முடியாமல் போவது இங்கேதான். பக்கவாதத்தில் விழுந்தவருக்கு மூன்றாம் வருஷத்தோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையைத் தினமும் தூக்கி உட்காரவைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை பத்து வருஷம் கழித்தும் வேண்டும்.

2 சதவீதத்துக்கு வெளியே, தங்கள் லாபத்திலிருந்து முதல் போட்டுத் தர நிறுவனங்களுக்கு வழி இருக்கிறது. திருச்சியில் ஒரே ஒரு நிறுவனம் முன்வந்து, ஒரு மருத்துவமனையில் இரவுப்பணிச் செவிலியர் ஒருவரின் சம்பளத்தை வட்டியிலிருந்து என்றென்றைக்கும் எழுதிவைக்கட்டும். திறப்பு விழாவுக்கு ஊரே வரும், நானும் வருவேன்.