கோம்பை வண்டிலும் சிறுதேரும்



குறுந்தொகையின் 61ஆம் பாடலைப் பாடியவர் தும்பிசேர்கீரனார். தச்சன் செய்துகொடுத்த சிறுதேரில் பிள்ளைகள் ஏறிச் செல்வதில்லை. ஆனாலும் அதைக் கையால் இழுத்துத் திரிவதில் அவர்களுக்குப் பேரின்பம். தலைவனோடு கூடாவிட்டாலும் அவன் நட்பு வளர்வதே எமக்கு இன்பம் என்று சொல்லவந்த தோழி, இந்தப் பிள்ளைகளைத்தான் உவமையாக எடுக்கிறாள். பட்டினப்பாலையிலும் ஒரு முக்காற் சிறுதேர் உருள்கிறது. காயும் உணவைக் கொத்தவந்த கோழிக்குப் பெண்கள் எறிந்த கனத்த குழை அத்தேரின் வழியை மறிக்கிறது.

இவை தச்சன் கைத் தேர்கள், செல்வர் வீட்டு முற்றத்துத் தேர்கள். பிள்ளைகள் தாமே செய்தவையும் சங்கப் பாட்டில் உண்டு. பஞ்சாய்க் கோரையில் செய்த பாவை ஒன்று, மணலில் பிடித்த வண்டற்பாவை இன்னொன்று. கோரையை எப்படி முடிவது என்று பாட்டுக் கற்பிப்பதில்லை. அது பாட்டின் வேலையுமல்ல, பக்கத்தில் இருந்த அக்காளின் வேலை.

யாழ்ப்பாணத்தில் கோரையின் இடத்தைப் பனை பிடித்துக்கொண்டது. நுங்கு குடித்து எறிந்த கோம்பை இரண்டை எடுத்து, நடுவே ஒரு தடியைக் குத்தினால் அச்சு. நுனி கவர்விட்ட நீண்ட தடியை அந்த அச்சில் வைத்துத் தள்ளினால் வண்டில். சில நாளில் கோம்பை காய்ந்து சுருங்க, அச்சுக் கழன்றுவிடும். பிறகென்ன, வேறு கோம்பை! குருத்தோலையை மடித்து முள் குத்தினால் காற்றாடி. பின்னி உள்ளே சிறுகல் போட்டால் கிலுகிலுப்பை. பூவரசமிலையைச் சுருட்டி ஊதும் பீப்பீயையும், நூல் கட்டிய நெருப்புப்பெட்டித் தொலைபேசியையும் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டது. எனக்கு அப்போது பத்து வயது. வானொலிச் செய்தி கேட்கவே பெரியவர்கள் சைக்கிளை நிறுத்தி டைனமோவைச் சுற்றிய காலத்தில், விளையாட்டுக் காருக்கு யார் பற்றறி தருவார்? அது அலுமாரியில் கிடந்தது. நாங்கள் பால்பேணியைத் துளைத்து, அறுந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் பூட்டினோம். துளை போடுவது மட்டும் அம்மப்பாவின் பொறுப்பு. தகரம் கையை வெட்டிவிடும் என்பார்.

அந்தத் தடைதான் பிள்ளைகளின் கைத்திறனை வளர்த்தது என்று இப்போது சிலர் பெருமை பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்னம் மட்டையில் துவக்கும் செய்தோம், ஓலையில் ஹெலிகொப்ரரும் செய்தோம். பதுங்குகுழி வெட்டியும் விளையாடினோம். கைக்கு எட்டியதைக் கொண்டு, கண்ணிற் பட்டதைத்தான் பிள்ளை செய்கிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எங்கள் பேணி வண்டில் முற்றத்திலேயே நின்றது. அதை எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. பிளாஸ்ரிக் சாமான்கள் தாராளமாக வந்தன. பிள்ளைகள் அவற்றை விரும்பியதில் தவறில்லை, நானும் வாங்கிக் கொடுத்தவன்தான். ஆனால் பொருள் போனால் சொல்லும் கூடவே போய்விடுகிறது. தமிழ் கற்பிப்பவனுக்கு அது சின்ன நட்டமல்ல.

ஒருமுறை இந்தக் குறுந்தொகைப் பாடலைப் படிப்பிக்கையில், சிறுதேருக்கு ஒப்பாகக் கோம்பை வண்டிலைச் சொன்னேன். “கோம்பை எண்டால் என்ன சேர்?” என்றான் ஒரு மாணவன். அது நுங்குக் காலம். மறுநாள் வீதியோர வியாபாரியிடம் இரண்டு கோம்பை கேட்டு வாங்கிப்போனேன். அச்சு நேராக நிற்கவில்லை. என் கைக்கும் மறந்துபோயிருந்தது. பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்துவந்தான். அம்மம்மா சொல்லித் தந்தவ என்று, தடியின் இரு நுனியையும் கூராகச் சீவிக் குத்தினான். வண்டில் வாசற்படிவரை ஓடியது. அங்கே ஒரு கோம்பை கழன்றது. திரும்பவும் குத்தினோம்.