மூக்கடைப்பின் அசதியும் மாத்திரையின் அசதியும்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஒவ்வாமையோடு வாழ்கிறவர்களுக்குக் காலை அசதி இரண்டு வழியாக வருகிறது. ஒன்று நோயால் வருவது. மற்றது அந்த நோய்க்காக விழுங்கிய மாத்திரையால் வருவது. இரண்டிலும் கண் கனக்கும், கைகால் சோரும், நிரைக்குப் போக மனம் வராது. முதலாவதற்குப் போடும் மாத்திரையே இரண்டாவதைக் கூட்டுவதால், எது எது என்று பிரித்துப் பார்க்காதவரை வைத்தியம் பலிக்காது.

மலைக்காற்று ஒவ்வாமைக்கு நல்லது என்பார்கள். அது எல்லா மலைக்கும் பொருந்தாது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரம்; நம் மலையின் தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர். டாவோஸின் வறண்ட குளிரில் தூசிப்பூச்சிகள் பிழைப்பது அரிது. ஆஸ்துமாக்காரர்களை அங்கே அனுப்பிவைத்ததற்கு அது ஒரு காரணம். நம் மலையிலோ ஆண்டு முழுக்க மழையும் மூடுபனியும்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்பவை. குளிருக்காக இரவுதோறும் போர்த்தும் கம்பளி அவற்றுக்கு வீடாகிவிடுகிறது. சுவரில் பூஞ்சணம் வேறு.

இவை கிளப்பும் ஒவ்வாமையில், படுத்ததும் மூக்கடைப்பு கூடும், மூச்சு வாய்வழி போகும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் மூளை நொடிக்கணக்கில் விழித்து விழித்து அடங்குகிறது. காலையில் அது நினைவில் இருக்காது. வறண்ட நாக்கும் தலைக்கனமும்தான் மிஞ்சும். பெக்டரியில் தேயிலை சலிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே பறக்கும் தூசும் சேர்கிறது. இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970-இலேயே தேயிலை தயாரிப்பவர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். விடுமுறையில் தணிந்து வேலை நாளில் திரும்பும் மூச்சிரைப்பு என்றால், முதலில் அந்தத் தூசியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாத்திரை அசதியின் கதை வேறு. மூக்கில் தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்போடு வைத்திருக்கிறது. பிரிட்டோன் என்று கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் இரண்டு இடத்திலும் அதைத் தடுக்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கும். இரவு போட்டது மறுநாள் மத்தியானம்வரை ஆளைச் சோரவைப்பது இதனால்தான். சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பிடிப்பவருக்கும், தாப்பா சாலையின் வளைவுகளில் லாரி ஓட்டுபவருக்கும் இது உயிருக்கே ஆபத்து. நன்றாகத் தூங்க வைக்கிறதே என்று பலர் அதை விடுவதில்லை. அந்தத் தூக்கத்தில் கனவு காணும் பகுதி குறைந்துபோகிறது. தும்மலும் அரிப்பும் அடங்குமே தவிர, மூக்கடைப்பு பெரிதாகத் திறக்காது. அதாவது முதல் அசதி அப்படியே இருக்க, அதன்மேல் இரண்டாவதும் ஏறி உட்காருகிறது.

வறண்ட வாயை மட்டும் வைத்து இது எந்த அசதி என்று முடிவு செய்ய முடியாது. இந்த மாத்திரையும் வாயை உலர்த்தும். மாத்திரையைச் சில நாள் நிறுத்தியபின் தலை தெளிந்திருந்தால் அது மாத்திரையின் வேலை. போட்டாலும் போடாவிட்டாலும் காலை ஒரே மாதிரி விடிந்தால் மூக்கைத்தான் கவனிக்க வேண்டும்.

மாத்திரையின் அசதிக்கு, லொராட்டடின் அல்லது ஃபெக்சோபெனடினுக்கு மாறலாம். இவை மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை. செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். மூக்கின் அசதிக்கு என் முதல் தேர்வு ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான். அதைத் தினமும் அடிக்க வேண்டும். முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். மூன்றாம் நாளே பலனில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். உடனே மூக்கைத் திறக்கும் மற்ற தெளிப்பான்களைச் சில நாட்களுக்குமேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். தலையணை உறை, படுக்கை விரிப்புகளை 60 பாகை சுடுநீரில் துவைத்து, மழை இறங்குமுன் காலை வெயிலில் உலர்த்திவிட வேண்டும்.

இரண்டு அசதிக்கும் எல்லோரும் முதலில் தேடுவது தேத்தண்ணியை. காலையில் அது தப்பில்லை. ஆனால் தேயிலையின் காஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம்போல ஆகும். அந்தியில் குடித்தது இரவுத் தூக்கத்தில் கைவைக்கும்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப்போய், எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், எத்தனை மணிக்கு அசதி வருகிறது என்று சொல்லுங்கள். இரண்டையும் சரிசெய்தபிறகும் அசதி போகவில்லை என்றால் இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை கேளுங்கள். பெண்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.