பிளஸ் ஒன் மதிப்பெண் பட்ட பாடு

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-ல் தொடங்கியது. படிப்பு இரண்டு ஆண்டு. பொதுத்தேர்வோ இறுதியில் மட்டும். கல்லூரி இடம் அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் இருந்தது. அதனால் கொங்கு வட்டாரத்தில், குறிப்பாக நாமக்கல் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளிகள் பலவற்றில், பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்டன. 2017-ல் அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சரும் கோபிசெட்டிபாளையம் சட்டமன்ற உறுப்பினருமான செங்கோட்டையன், பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தார். ஆண்டுக்கு 600 மதிப்பெண். மதிப்பெண் கவலையும் ஓராண்டு முன்னதாகவே வந்து சேர்ந்தது. 2018-ல், உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று அரசு மாற்றியது.

பிறகு கொரோனா வந்தது. 2021-ல் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 என்று மதிப்பெண் கணக்கிட்டார்கள். உதவாது என்று ஒதுக்கிய மதிப்பெண்ணும் அன்று உதவியது.

2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது. மாணவர்களின் பயம் போகட்டும். பிளஸ் ஒன் பாடமும் கூடவே போய்விடாமல் பார்த்துக்கொள்வது பள்ளிகளின் பொறுப்பு.