முதல் வெற்றி, ஒரே 'டை', 2 முச்சதம்... இந்திய அணியின் சாதனைப் புத்தகத்தில் சேப்பாக்கம் பக்கங்கள்!

தாம்பரத்துல பீச் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, பக்கத்துல இருக்குற பார்க் டவுன்ல பறக்கும் ரயிலுக்கு மாறினா ரெண்டாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். வேளச்சேரி பக்கம் இருக்குறவங்களுக்கு மாறுற வேலையே இல்லை, நேரா போயிடலாம். இந்திய கிரிக்கெட்டின் முக்கியமான சில நாள்கள் நடந்த இடம், நமக்கு இவ்வளவு பக்கத்துலதான் இருக்கு. அடுத்த மேட்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க!

முதல் வெற்றி - 1952

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல், லார்ட்ஸில். முதல் வெற்றிக்கு 20 வருஷம், 25 டெஸ்ட் காத்திருக்க வேண்டியிருந்தது. அது கிடைத்தது சேப்பாக்கத்தில், 1952 பிப்ரவரி 10 அன்று. விஜய் ஹசாரே தலைமையிலான அணி, இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. பங்கஜ் ராய், பாலி உம்ரிகர் சதம் அடிக்க, வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் எடுத்தார்.

ஒரே 'டை' - 1986

'டிரா' வேற, 'டை' வேற. நேரம் முடிஞ்சும் ஆட்டம் முடியலைன்னா டிரா. கடைசியா ஆடுற அணி ஆல் அவுட் ஆகி, ரெண்டு அணியின் மொத்த ரன்னும் சமமா இருந்தா டை. டெஸ்ட் வரலாற்றிலேயே இது இரண்டு முறைதான் நடந்திருக்கிறது. முதலாவது, 1960-ல் பிரிஸ்பேனில். இரண்டாவது, 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில்.

சென்னை வெயிலில் வாந்தி எடுத்தபடியே ஆடி 210 ரன் அடித்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ், பிறகு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஸ்கோரைச் சமன் செய்துவிட்டார். ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. 347 ஆல் அவுட்!

தோற்ற நாளில் கைதட்டல் - 1999

பாகிஸ்தானுக்கு எதிராக இலக்கு 271. 82 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து சச்சின் 136 அடித்துக் கொண்டுவந்தார். அவர் அவுட் ஆனபோது தேவை வெறும் 17 ரன். மீதி விக்கெட்டுகள் 4 ரன்னுக்குள் காலி. 12 ரன்னில் தோல்வி.

ஆனாலும் அன்றைக்கு சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்களும் மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னார்கள். ஸ்கோர்போர்டில் இது இந்தியாவின் தோல்வி. ஆனா, சேப்பாக்கம்னு சொன்னதும் இன்னிக்கும் பலர் முதல்ல பேசுறது இதைத்தான்.

ரெண்டு முச்சதம்

டெஸ்ட்டில் இந்தியர்கள் அடித்த முச்சதங்கள் மூன்று. அதில் இரண்டு இங்கேதான்: 2008-ல் சேவாக் 319, 2016-ல் கருண் நாயர் 303 நாட் அவுட். கருண் அடித்த அந்த இன்னிங்ஸில் இந்தியா எடுத்த 759 ரன்தான் டெஸ்ட்டில் நம்ம அணியின் அதிகபட்ச ஸ்கோர்.

ஆனா, 303 அடிச்சா இடம் நிரந்தரம்னு நினைக்காதீங்க. அதற்குப் பிறகு கருணுக்குக் கிடைத்தது மூன்றே டெஸ்ட். அடுத்த வாய்ப்பு வர 2025 ஆகிவிட்டது.

மாம்பலத்துப் பையன் - 2024

நம்ம ரயில் ரூட்லயே இருக்குற மேற்கு மாம்பலத்துக்காரர் அஸ்வின். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக, 144 ரன்னுக்கு 6 விக்கெட் போயிருந்தபோது களமிறங்கி 113 ரன் எடுத்தார். பிறகு இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட். இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் வென்றது. சொந்த ஊரில் அதுதான் அவரின் கடைசி டெஸ்ட்.

603 - இதையும் சேர்த்துக்கோங்க

அதற்கு மூன்று மாதம் முன்பு இதே மைதானத்தில் இந்தியப் பெண்கள் அணி, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 603 ரன் குவித்தது. பெண்கள் டெஸ்ட்டில் ஓர் அணி 600-ஐத் தொட்டது அதுதான் முதல்முறை. ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149. இருவரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்தது 292 ரன்.

759 இந்திய சாதனை. 603 உலக சாதனை. அடுத்த முறை யாராவது 'சேப்பாக்கத்துல இந்தியாவோட பெரிய ஸ்கோர் எது?'ன்னு கேட்டா, ரெண்டையும் சொல்லுங்க!