வேஷம் கட்டிய கார்கள்

மலர்க் குழுத் தம்பி போனில் பேசும்போதே எச்சரிக்கை செய்துவிட்டார். "அண்ணே, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி ஏற்கெனவே நாலைந்து கட்டுரை வந்தாச்சு. நீங்க வேற ஏதாவது எழுதுங்க." சரி, சாம்பாரை விட்டுவிட்டேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு மிச்சிகன் மாநிலத்தில் முப்பது வருஷமாகக் கார் உதிரிபாகத் தொழிலில் குப்பை கொட்டியவன் நான். எனக்குத் தெரிந்த சரித்திரம் இரும்புச் சரித்திரம்தான். அதில் ஒரு சின்ன அத்தியாயத்தை நண்பர்களுக்கும், இன்று அங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன்.

1960-களில் அமெரிக்காவில் "மசில் கார்" என்று ஒரு ஜாதி பிறந்தது. நடுத்தர அளவுக் குடும்பக் காரில் பெரிய கார் எஞ்சினைத் தூக்கி வைத்தால் அதுதான் மசில் கார். வேறு பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரே உடம்பு, அதில் சாதாரண ரகம் ஒன்று, கொஞ்சம் சொகுசான ரகம் ஒன்று, வேகக்கார ரகம் ஒன்று. இந்த ரகத்துக்குத்தான் அங்கே "டிரிம்" என்று பெயர். சாதாரண ரகத்தை வாங்கி, பிற்காலத்தில் அதை வேகக்கார ரகம் மாதிரியே மாற்றி அமைப்பது அங்கே பெரிய கலை, பெரிய தொழில், சில சமயம் பெரிய மோசடி. அப்படி மாற்றிய காரைக் "குளோன்" என்பார்கள். மரியாதையாகச் சொல்ல நினைப்பவர்கள் "டிரிப்யூட்" என்பார்கள். நம்ம பாஷையில் வேஷம் கட்டிய கார்.

இதில் வேடிக்கை என்னன்னா, மூலக் காரே வேஷம் கட்டித்தான் மேடைக்கு வந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் 1963 தொடக்கத்தில் தன் பிரிவுகள் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று தடை போட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. பாண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். அவரோடு பில் காலின்ஸ், ரஸ் ஜீ என்ற இரண்டு பொறியாளர்கள். பாண்டியாக்கின் 326 கன அங்குல எஞ்சினும், பெரிய காரில் போடும் 389 கன அங்குல எஞ்சினும் வெளி அளவில் ஒன்றே. துளை விட்டம்தான் வேறு. அப்படியானால் டெம்பஸ்ட் என்ற நடுத்தரக் காரில் 389 தானாக உட்கார்ந்துகொள்ளும். விதியை என்ன செய்வது? விதி புது மாடல்களுக்குத்தானே! டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்கு 295 டாலர் சொச்சம் விலையில் ஒரு "ஆப்ஷன் பொட்டலம்" என்று 1964 மாடலில் விட்டுவிட்டார்கள். அதற்கு ஜி.டி.ஓ. என்று ஃபெராரியிடமிருந்து எடுத்த பெயர்! 5,000 வண்டிக்கு மேல் போகாது என்று மேலிடத்துக்குச் சமாதானம் சொன்னார்கள். முதல் வருஷமே 32,450 விற்றது.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது? 325 குதிரைசக்தி எஞ்சின், இரட்டைச் சைலன்சர், தரையில் கியர் கம்பி, கடினமான ஸ்பிரிங், சிவப்புக் கோடு போட்ட டயர், பெயர்த் தகடுகள். பானெட்டின் மேல் காற்று இழுக்கும் மூக்குகள் இரண்டு. அந்த மூக்குகளில் துவாரமே கிடையாது! வெறும் அலங்காரம்.

இதையும் கேளுங்கள். 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை 1964 மார்ச் இதழில் ஜி.டி.ஓ.வை ஃபெராரியோடு ஒப்பிட்டு எழுதி ஊரையே கலக்கியது. அந்தக் காரைத் தேசம் முழுக்கப் பிரபலமாக்கியது அந்தக் கட்டுரைதான். பாண்டியாக்கின் விளம்பரக்காரர் ஜிம் வாங்கர்ஸ் 1998-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் உண்மையைப் போட்டு உடைத்தார். சோதனைக்குக் கொடுத்த வண்டிக்குள் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல எஞ்சினாம்! பானெட்டைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. வெளி அளவு ஒன்றுதானே.

செவர்லே மட்டும் யோக்கியமா? 1970 செவெல் எஸ்.எஸ். 396 காரில் உள்ளே இருந்த எஞ்சின் உண்மையில் 402 கன அங்குலம். 396 என்ற எண்ணுக்கு மார்க்கெட்டில் மவுசு இருந்ததால் பழைய தகட்டையே ஒட்டி அனுப்பினார்கள். 1972-ல் நிலைமை இன்னும் மோசம். சின்ன 307 எஞ்சின் போட்ட காருக்கே எஸ்.எஸ். அலங்காரத்தைக் கம்பெனியே விற்றது. இன்றைக்கு ஒருவர் தன் கராஜில் இதைச் செய்தால் போலி என்கிறோம்!

இந்தக் கார்கள் கொஞ்ச காலம்தான் ஆடின. இளைஞர்களிடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தீட்டின. 1970-ல் காற்று மாசுச் சட்டம் வந்தது. 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைத்தது. 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. கதை முடிந்தது. இருபது வருஷம் கழித்து, அன்று வாங்க முடியாத பையன்கள் கையில் காசு வந்ததும் விலை ஏற ஆரம்பித்தது. 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 1971 பிளிமத் ஹெமி குடா கன்வர்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வகையில் மொத்தமே 11 வண்டிதான் செய்தார்கள். இப்படி விலை போனால் வேஷம் கட்ட ஆள் இல்லாமல் இருக்குமா?

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டிய வேஷத்தில் எனக்கும் பங்கு உண்டு. 1970-ல் அவருக்கு 21 வயது. எஸ்.எஸ். வாங்கத்தான் ஷோரூமுக்குப் போனார். இன்ஷூரன்ஸ்காரன் சொன்ன தொகையைக் கேட்டதும் 307 எஞ்சின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு போட்ட செவெல் மாலிபுவோடு வீட்டுக்கு வந்தார். ரிட்டயர் ஆகும்வரை அதே வண்டி. அப்புறம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அன்னைக்கு வாங்காததை இப்ப நானே செய்யப் போறேன். வர்றியா?" என்றார்.

இரண்டு குளிர்காலம் ஆனது. தகட்டை ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய செவர்லே பிக்கப் ஒன்றிலிருந்து 454 எஞ்சினை எடுத்தோம். அதைத் தாங்கும் பிராக்கெட் வேறு. எஞ்சின் கிட்டத்தட்ட ஒரு ஆள் எடை கூடுதல். ஆகவே முன் ஸ்பிரிங் மாற்றணும். சூடு அதிகம், ரேடியேட்டர் அகலமாகணும். பெட்ரோல் குழாய் பருமனாகணும். பின் ஆக்சிலின் பத்து போல்ட் டிஃபரன்ஷியல் அந்த டார்க்கைத் தாங்காது. பன்னிரண்டு போல்ட் வேணும். எஸ்.எஸ்.ஸுக்கு முன்னால் டிஸ்க் பிரேக், ஆகவே டிரம் போச்சு. உள்ளே படுக்கைவாட்டு ஸ்பீடோமீட்டர் போய் வட்ட மீட்டர்கள் வந்தன. அதற்கு வயரிங்கை மாற்ற மூன்று வாரம். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொடணும். டிசைன் வகுப்பில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' என்று மனப்பாடம் செய்தது எனக்கு அந்தக் கராஜில்தான் நிஜமாகப் புரிந்தது.

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது 'கவுல் இண்டக்ஷன்' பானெட். அதன் மேடு முன்னால் பார்க்காது. பின்னால், கண்ணாடியைப் பார்த்துத் திறக்கும். வண்டி ஓடும்போது முன் கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடும். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் வாக்குவத்தால் இயங்கும் மடல் திறந்து அந்தக் காற்று எஞ்சினுக்குள் போகும். 1964-ன் அசல் ஜி.டி.ஓ.வுக்குப் பொய் மூக்கு. எங்கள் வேஷக்காரனுக்கு நிஜ மூக்கு!

பின் சீட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங்குக்குள் மடித்துச் செருகிய காகிதம் ஒன்று வந்தது. 'பில்ட் ஷீட்' என்பார்கள். இந்த வண்டிக்கு இந்த எஞ்சின், இந்த ஆக்சில், இந்தக் கலர் என்று அசெம்பிளி லைன் தொழிலாளிக்குச் சொல்லும் சீட்டு. வேலை முடிந்ததும் கையில் கிடைத்த இடத்தில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். சிலது பெட்ரோல் டேங்க் மேல் கிடக்கும், சிலதை எலி தின்றிருக்கும். சரித்திரத்துக்காக யாரும் அதை வைக்கவில்லை. ஆனால் இன்று அசல் எது, வேஷம் எது என்று சொல்ல அதை விட்டால் பல வண்டிகளுக்கு நாதி இல்லை. சேசிஸ் எண் போதாதா என்று கேட்பீர்கள். 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். 396 தனி வரிசை. எண் 138 என்று ஆரம்பிக்கும். 1969-ல் அது ஆப்ஷனாகிவிட்டது. மாலிபுவுக்கும் எஸ்.எஸ்.ஸுக்கும் ஒரே 136. ஜி.டி.ஓ.வும் 1964, 65-ல் அப்படித்தான். 1966-ல்தான் 242 என்ற தனி எண் கிடைத்தது. பாண்டியாக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். அந்தப் பிரிவே 2010-ல் மூடப்பட்டாலும், 1961 முதலான பில்களின் நகல்களை 'பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்' வைத்திருக்கிறது. ஃபோர்டின் 1967-க்குப் பிந்தைய விவரங்கள் 'மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ்' கையில். அமெரிக்கச் செவர்லேக்கு இப்படி ஒரு களஞ்சியம் இல்லை. அதனால்தான் வேஷம் அங்கே அதிகம்.

மோசடிக்காரன் எஞ்சின் பிளாக்கின் மேல்முகத்தைச் செதுக்கி, பழைய எண்ணை அழித்துப் புது எண் குத்துவான். மாணவர்களே, உங்களுக்கு ஒரு துப்பு: செவர்லே அந்த முகத்தை ப்ரோச்சிங் செய்தது. அதனால் நீளவாட்டில் நேர்க்கோட்டுக் கீறல்கள் இருக்கும். மில்லிங் செய்த வட்டக் கீறல் தெரிந்தால் அப்புறம் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ரிப்பேருக்காகவும் வைத்திருக்கலாம், ஆனால் கேள்வி கேளுங்கள். சேசிஸ் எண்ணையே மாற்றினால் 1984 சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை. தகடு ஒட்டினால் சட்டம் ஒன்றும் சொல்லாது. அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் அது ஏமாற்று.

பெரியவர் ஏமாற்றவில்லை. கார் கண்காட்சிகளில் கண்ணாடிக்குப் பின்னால் "பிறப்பால் மாலிபு" என்று அட்டை வைப்பார். பழைய கிரில், மீட்டர், 307 எஞ்சின் எல்லாவற்றையும் சீட்டு எழுதி ஒட்டிப் பெட்டி போட்டு வைத்திருந்தார். சில வருஷம் முன்பு காலமானார். மகன் வெளியூர், வண்டியை ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். இரண்டே மாதத்தில் "1970 செவெல் எஸ்.எஸ். 454" என்று விளம்பரம்! அட்டையும் இல்லை, பெட்டிகளும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பில்ட் ஷீட்டின் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. அனுப்பி வைத்தேன். பதில் இல்லை, ஆனால் விளம்பரத்தில் "ஸ்டைல்" என்று ஒரு வார்த்தை கூடியது. வாங்கியவர் யாரோ, அந்த வார்த்தையைக் கவனித்தாரோ, தெரியாது. செய்தவன் நாணயம் வண்டியோடு கூடவே போவதில்லை. காகிதம் போனால்தான் உண்டு.

ஆனாலும் என்னை இதைவிட உறுத்துவது வேறு. 1970-ல் ஜனங்கள் பெரும்பாலும் வாங்கியது எஸ்.எஸ். அல்ல, சாதா மாலிபு, சாதா லெமான்ஸ். ஆபீசுக்குப் போனதும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் அவைதான். இன்று கண்காட்சியில் போய் நின்றால் அந்தக் கால அமெரிக்கா முழுக்க வேகக்கார ரகத்தில்தான் போய் வந்தது என்று தோன்றும். சாதாக் கார்களெல்லாம் ஒன்று துருப்பிடித்தன, இல்லை வேஷம் கட்டிக்கொண்டன. டிவியில் 1979 முதல் 1985 வரை ஓடிய 'ட்யூக்ஸ் ஆஃப் ஹாசர்ட்' தொடருக்காக 300-க்கும் மேற்பட்ட டாட்ஜ் சார்ஜர்களைப் பயன்படுத்தினார்கள். அதில் 1968 மாடல்களுக்கு 1969 முகமும் பின்விளக்கும் மாட்டிக் குதிக்கவிட்டு நொறுக்கினார்கள். பெரியவரின் மாலிபுவைப் பிரித்த கைகளில் இரண்டு என் கைகள். வேலை சுத்தமாக இருந்தது. செய்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் தெருவில் கடைசியாக இருந்த 307 மாலிபு அதுதான்.

டெட்ராய்ட் பக்கம் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வருகிற தம்பி தங்கைகள் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமையை ஒழித்து வைத்துக்கொள்ளுங்கள். வுட்வர்ட் அவென்யூவில் 1995-ல் தொடங்கிய 'ட்ரீம் க்ரூஸ்' அன்றைக்குத்தான். ஆயிரக்கணக்கான பழைய கார்கள் ஊர்ந்து போகும். கோடு போட்ட பானெட்டுகளை எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் சாதா வீல் மூடியும், மெல்லிய டயரும், ஒற்றைச் சைலன்சருமாய்ப் போகிற காரைத் தேடுங்கள். கண்ணில் பட்டால் ஓட்டுகிறவரிடம் எஞ்சின் என்னவென்று கேளுங்கள். கொஞ்சம் கூச்சத்தோடு "ஆறு சிலிண்டர்தான்" என்பார். எனக்கு ஒரு போன் போடுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.