உள்ளுறை வகுப்புப் பகுப்பாய்வும் காஞ்சிபுரம் நெசவாளர் பாகுபாடும்: ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: உள்ளுறை வகுப்பு, அமைப்பாய்வு, கைத்தறி, கூட்டுறவு, காஞ்சிபுரம், தாமல்

நெசவாளரை எவ்வாறு வகைப்படுத்துவது என்பது தமிழகத்தில் வெறும் கோட்பாட்டுச் சிக்கலாக ஒருபோதும் இருந்ததில்லை. தற்சார்பு நெசவாளர், முதலாளியின் கீழ் நெய்பவர், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்னும் பெயர்களுள் எது ஒருவர்க்கு இடப்படுகிறதோ அதற்கேற்பக் கடனும் மானியமும் நூல் வழங்கலும் அமைகின்றன. இப்பெயர்கள் எவ்வாறு தோன்றின, அவை மெய்யான உறவுகளை எந்த அளவுக்குச் சுட்டுகின்றன என்னும் வினாக்களை, அமைப்பாய்வில் வழங்கும் உள்ளுறை வகுப்புப் பகுப்பாய்வின் வரலாற்றோடு இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறையின் தோற்றம்

இம்முறையை வகுத்த பால் லாசர்ஸ்ஃபெல்டு வியன்னாவில் பிறந்தவர். அவருடைய தொடக்ககால ஆய்வுகளுள் பெயர் பெற்றது ஒரு நெசவாலை ஊரைப் பற்றியது. வியன்னாவை அடுத்த மரியந்தால் என்னும் சிற்றூரில் ஆலை மூடப்பட்டபின் 478 குடும்பங்களின் வாழ்வை மரீ யஹோடா, ஹான்ஸ் ஸைசல் ஆகியோருடன் அவர் ஆராய்ந்தார். நூல் 1933-இல் வெளிவந்தது. தளராதோர், அடங்கிப்போனோர், நம்பிக்கையிழந்தோர், செயலற்றுப்போனோர் என நால்வகை மனநிலைகளை அந்நூல் பிரித்துக் காட்டியது. அப்பிரிவு ஆய்வாளர்தம் நேர்முகக் கணிப்பால் அமைந்ததே. கண்ணுக்குத் தெரியும் விடைகளிலிருந்து தெரியாத வகையைக் கணித முறையில் பெறுவது எப்படி என்னும் வினாவுக்கு விடை அமெரிக்காவில்தான் உருப்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்தம் மனப்பாங்கை ஆராய்ந்த திட்டத்தின் நான்காம் தொகுதியில் (1950) லாசர்ஸ்ஃபெல்டு இம்முறையை முன்வைத்தார். 1968-இல் நீல் ஹென்றியுடன் எழுதிய நூலில் அதனை விரித்துரைத்தார். கணக்கிடும் வழி எளிதாக அமையாமையால் அது நெடுங்காலம் பரவவில்லை. லியோ குட்மன் 1974-இல் வெளியிட்ட கட்டுரையும், டெம்ப்ஸ்டர், லெயர்டு, ரூபின் ஆகியோரின் 1977-ஆம் ஆண்டுக் கட்டுரையும் அத்தடையை நீக்கின. மோ வாங், பால் ஹாங்கிஸ் ஆகியோர் 2011-இல் அமைப்பாய்வில் இதன் பயன்பாடுகளைத் தொகுத்துரைத்தபோது, பணியாளரைச் சராசரிகளால் அன்றி வகைகளால் அறியும் போக்கு அத்துறையில் வேரூன்றியிருந்தது.

முறையின் உட்கோள் ஒன்றே. ஒருவர் தரும் பல விடைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் காணப்படுவதற்குக் காரணம் அவர் சார்ந்த வகுப்பு. அவ்வகுப்பு அறியப்பட்டுவிட்டால் விடைகளுக்கிடையே வேறு தொடர்பு எஞ்சாது. தொல்காப்பியம் கூறும் உள்ளுறை, புலவன் கருதி வைத்தது. இங்கோ உள்ளே வைத்தவர் எவரும் இலர். ஆய்வாளரே அதற்குப் பெயரிடுகிறார். இவ்வேறுபாட்டை மறப்பதாலேயே பல பிழைகள் நேர்கின்றன.

இந்தியப் பின்புலம்

இந்தியப் புள்ளியியல் வகைப்பாட்டில் பின்தங்கியதன்று. மகலனோபிஸ் 1936-இல் வகுத்த தொலைவளவையும், சி. ஆர். ராவ் 1948-இல் வெளியிட்ட வகைப்பாட்டு ஆய்வும் உலகறிந்தவை. ஆயினும் மகலனோபிஸ், மஜும்தார், ராவ் ஆகிய மூவரும் 1949-இல் வெளியிட்ட ஐக்கிய மாகாண உடலளவை ஆய்வில் சாதிப் பிரிவுகள் முன்னரே தரப்பட்டவை. அளவைகள் அவற்றுக்கிடையேயான தொலைவைக் கூறின. சென்னையில் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த ஏழு தொகுதிகளிலும் (1909) நெசவு என்பது கைக்கோளர், சாலியர், தேவாங்கர் எனச் சாதிப் பெயர்களின்கீழ் நின்றது. தறியின்மேல் உரிமை எவருடையது என்னும் வினா அங்கே முதன்மை பெறவில்லை.

அவ்வினாவை இந்திய அளவில் முன்னிறுத்தியது, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில் 1941-இல் அமைந்த கைத்தறி, ஆலைகள் உண்மையறியும் குழு. 1942-இல் வெளிவந்த அதன் அறிக்கை நாட்டில் ஏறத்தாழ 20 இலட்சம் தறிகளைக் கணக்கிட்டது. நெசவாளரைத் தற்சார்பினர், முதலாளியின் கீழ் நெய்வோர், கார்கானாக் கூலியாளர், கூட்டுறவினர் எனப் பிரித்து நோக்கியது. சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் (இன்றைய கோ-ஆப்டெக்ஸ்) 1935-இலேயே தோன்றிவிட்டமையால் கடைசிப் பிரிவு இங்கே தனிக் கவனம் பெற்றது. சாதியிலிருந்து உழைப்புறவுக்கு நகர்ந்த இம்மாற்றம் பெரிது. ஆயினும் ஒரு நெசவாளர் ஒரு பிரிவில் மட்டுமே இருப்பார் என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருந்தது.

ஐந்து வினாக்கள்

காஞ்சிபுரம் பட்டு நெசவில் அவ்வெண்ணம் நிலைப்பதில்லை. சங்க ஏட்டில் உறுப்பினராயிருப்பவர் முதலாளியின் பாவை நெய்வதுண்டு. சொந்தத் தறி உடையவர் முன்பணக் கடனால் வேறெவர்க்கும் நெய்ய இயலாதிருப்பதுண்டு. எனவே பெயரைக் கேட்பதினும் நிலையைக் கேட்பதே தகும். தறி சொந்தமா? பட்டுநூலும் சரிகையும் தாமே வாங்குவதா? திருப்பித் தராத முன்பணம் உண்டா? புடவையை விரும்பியவர்க்கு விற்க இயலுமா? வடிவமைப்பைத் தாமே முடிவுசெய்கிறாரா? ஆம், இல்லை என விடை பெறும் இவ்வைந்து வினாக்களால் 32 விடைக்கோலங்கள் அமையும். இரு வகுப்பு எனக் கொள்ளின் 11 அளவுகளையும், மூன்று எனக் கொள்ளின் 17 அளவுகளையும் மதிப்பிட வேண்டும். தரவு எதனை ஏற்கிறது என்பதைப் பொருத்தச் சோதனைகள் காட்டும். 'தற்சார்பு' என்று எழுதப்பட்டவர்களுள் எத்தனைப் பங்கினர் கடனால் கட்டுண்ட வகுப்பைச் சேர்வர் என்பதை இவ்வழியில் மதிப்பிடலாம். ஏட்டுப் பெயரை மட்டும் நம்பும் அட்டவணை இதனைத் தராது.

ஆயின் இங்கேயே ஓர் இடர் உள்ளது. தறியை அமைத்துத் தரும் முதலாளியே முன்பணமும் தருகிறார். எனவே இவ்விரு விடைகளும் வகுப்பை அறிந்த பின்னும் தொடர்புற்றே நிற்கும். முறையின் அடிப்படைக் கோள் இங்கே முறிகிறது. இதனைக் கருதாமல் கணிப்பொறியை இயக்கினால், அத்தொடர்பை விளக்குவதற்கென்றே இல்லாத நான்காம் வகுப்பொன்று தோன்றும். அதற்கு ஆய்வாளர் ஒரு பெயரும் சூட்டிவிடுவார். தர்ஸ்டன் காலத்துப் பெயர்ப்பட்டியலுக்கும் இதற்கும் அப்போது வேறுபாடு மிகுதியில்லை. இவோன் ஆர்ட்டர்பர்ன் காஞ்சிபுரம் பட்டுநெசவுக் கூட்டுறவுகளைப் பற்றி 1982-இல் வெளியிட்ட நூலைப் போன்ற களஆய்வுகளை இத்தகைய கணக்கீட்டுக்கு முன்னரே படித்தல் வேண்டும். எந்த விடைகள் பிணைந்து வரும் என்பதை அவைதாம் உணர்த்தவல்லன.

இடமும் கருதத்தக்கது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே பேரேரியை உடைய தாமல் போன்ற ஊரில் ஏரி நிரம்பிய ஆண்டில் வயலுக்கும் வற்றிய ஆண்டில் தறிக்கும் செல்லும் குடும்பம் இருப்பின், ஒருநாள் கணக்கெடுப்பு அதனை ஏதேனும் ஒரு கட்டத்துள் அடைத்துவிடும. ஆண்டுதோறும் விடை பெற்று, ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்தலை அளக்கும் உள்ளுறை மாற்றப் பகுப்பாய்வே இத்தகைய ஊர்க்கு ஏற்றது. அதற்குரிய தொடர்தரவை நான்கு அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புகளும் தாரா. அவை ஒவ்வொன்றும் தனித்த ஒருகால நிழற்படம்.

இவ்வைந்து வினாக்களுமே தறியின் உரிமையாளரை நோக்கியவை. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி ஊடைகளால் பிணைக்கப்படுவதால் இரண்டாம் ஆள் ஒருவர் தறியருகே அமர்ந்தாக வேண்டும். அவர் பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ ஆவார். 2019-20-ஆம் ஆண்டின் நான்காம் கணக்கெடுப்பு நாட்டின் 35.22 இலட்சம் கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் எனக் கண்டது. குடும்பத்தலைவர் ஒருவரிடம் மட்டும் விடை பெறும் வினாத்தாளில் அவ்விரண்டாம் ஆள் எந்த வகுப்பிலும் இடம்பெறார்.