ரூப்குண்ட் - பத்து வருஷமா நான் தப்பாகச் சொன்ன கதை

தில்லியில் எங்கள் காலனி பொங்கல் சந்திப்பிலோ நவராத்திரி கொலுவிலோ என்னிடம் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். "இமயமலையில் ஒரு குட்டி ஏரி. அதில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள். எல்லோரும் ஒரே நாளில், ஒரே ஆலங்கட்டி மழையில் செத்தவர்கள்..." என்று நான் ஆரம்பித்தால், சுண்டல் கிண்ணம் காலியாகும் வரை நிறுத்த மாட்டேன். குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்கும். வீட்டம்மா மட்டும் "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா" என்று உள்ளே போய்விடுவாள்.

2009-இல் இருந்து 2019 வரை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி தப்பு. திருத்திக்கொள்ளத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இடம். உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், திரிசூல் மலைக்கும் நந்தா குண்டிக்கும் அடிவாரத்தில் இருக்கிறது ரூப்குண்ட். உயரம் 5,029 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏரி என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் ஒரு குட்டைதான். நிறைந்திருக்கும்போதே சுமார் 40 மீட்டர் அகலம்தான். நம்மூர் கோயில் தெப்பக்குளங்களில் பல இதைவிடப் பெரியவை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் உறைந்து கிடக்கும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் கொஞ்ச நாள் பனி உருகும். அப்போதுதான் உள்ளே இருப்பது தெரியும்.

நாங்கள் ஆபீஸ் நண்பர்கள் ஏழு பேர் போனது 2009 செப்டம்பர் கடைசியில். பழைய தில்லியில் ராத்திரி ரயில் ஏறி காத்கோதாம், அங்கிருந்து ஜீப்பில் ஒரு முழுப் பகல் குலுங்கி லோஹாஜங், அப்புறம் நடை. மரங்கள் முடிகிற உயரத்தில் ஆலி, பேத்னி என்று இரண்டு பெரிய புல்வெளிகள். அந்தப் பக்கத்தில் இவற்றை 'புக்யால்' என்கிறார்கள். அவலாஞ்சிப் பக்கம் போனவர்களுக்குச் சொன்னால் புரியும். அதே மாதிரி உருண்டு உருண்டு போகிற புல் மலை, அதற்குப் பின்னால் வரிசையாக வெள்ளை மலைகளை நிறுத்திப் பாருங்கள். அதுதான். குதிரைகளும் ஆடுகளும் மேய்ந்துகொண்டிருக்கும். பேத்னியில் சின்னதாக ஒரு குளமும் கோயிலும் உண்டு. அதைத் தாண்டினால் புல் குறைந்து கல்லாகிவிடும். பாதர் நச்சௌனி, கைலு விநாயக், பகுவாபாசா என்று மேலே மேலே போய், கடைசி நாள் விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு பனியில் ஏறினோம்.

எங்கள் வழிகாட்டி வாண் கிராமத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நின்று, அந்த இடத்துக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் நகருவார். அதைக் கேட்டால்தான் இந்தக் குட்டை அவர்களுக்கு என்ன என்று புரியும்.

அந்தப் பக்கத்து மக்களுக்கு நந்தாதேவி வெறும் சாமி இல்லை, கட்டிக்கொடுத்த பெண். சிவன் வீடு கைலாசம், புகுந்த வீடு. கர்ணப்பிரயாகை பக்கத்தில் இருக்கும் நௌட்டி கிராமம் பிறந்த வீட்டுக் கணக்கில் வருகிறது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிற ஊர்வலம்தான் நந்தாதேவி ராஜ் ஜாத். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்று கணக்கு, நடைமுறையில் தள்ளித் தள்ளிப் போகும். 2000-இல் நடந்தது, அதற்கடுத்து 2014-இல்தான் நடந்தது. சுமார் 280 கிலோமீட்டர், மூன்று வாரம் போல நடை. நாலு கொம்புள்ள ஒரு செம்மறிக் கடா முன்னால் போகும். ரூப்குண்டைத் தாண்டி, ஜூனார்கலி முகட்டையும் தாண்டி, ஹோம்குண்டில் அந்தக் கடாவின் முதுகில் சீர்வரிசையைக் கட்டி மலைப் பக்கம் விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் யாரும் கூடப் போவதில்லை. வழியெல்லாம் பெண்கள் பாடி அழுவார்களாம், சொந்தப் பெண்ணை அனுப்புகிற மாதிரி. எக்மோர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் என் அக்காவை பம்பாய்க்கு ரயிலேற்றி விட்டுவிட்டு அம்மா அழுத அழுகை எனக்கு ஞாபகம் வந்தது.

ரூப்குண்ட் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. அசுரனை வதம் செய்துவிட்டுக் கைலாசம் போகிற வழியில் நந்தா குளிக்க ஆசைப்பட்டாள். சிவன் சூலத்தால் குத்தி ஒரு குளம் உண்டாக்கினார். அதில் அவள் தன் ரூபத்தைப் பார்த்தாளாம். ரூப குண்டம், ரூப்குண்ட்.

இனி எலும்புகளின் கதை. கன்னோஜி ராஜா ஜஸ்தவல், கர்ப்பிணியான ராணி பலம்பாவோடும் படை பரிவாரங்களோடும் இந்த யாத்திரைக்கு வந்தான். யாத்திரை என்றால் விரதம், அடக்கம். அவனோ நடனப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பாதர் நச்சௌனியில் ஆடவிட்டான். 'பாதர்' என்றால் நடனப் பெண்கள், அவர்கள் ஆடிய இடம் என்றுதான் பெயரே. தேவி கோபத்தில் அவர்களைக் கல்லாக்கிவிட்டாள். அப்படியும் ராஜா நிற்கவில்லை. இன்னும் மேலே போனபோது ராணிக்குப் பிரசவ வலி வந்து, குழந்தை பிறந்தது. புனித இடத்தில் தீட்டு ஆகிவிட்டது என்று நந்தா இரும்புக் குண்டுகள் போல ஆலங்கட்டியைக் கொட்டினாள். ஒருவர் பாக்கியில்லாமல் குளத்தில் விழுந்து செத்தார்கள்.

(இந்தக் கட்டம் வந்தால் எங்கள் வீட்டில் சண்டை நிச்சயம். "பிள்ளை பெத்ததுக்கா சாமிக்குக் கோபம்? அவளே கட்டிக்கொடுத்த பொண்ணுதானே?" என்பாள் வீட்டம்மா. எனக்குப் பதில் தெரியாது.)

கதை இப்படி இருக்க, வெளியுலகம் அந்த எலும்புகளைக் கவனித்தது 1942-இல். வனத்துறை அதிகாரி எச்.கே. மத்வால் பார்த்துச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் நடக்கிற சமயம். ஜப்பான் வீரர்கள் மலை வழியாக ஊடுருவ வந்து செத்துவிட்டார்களோ என்று வெள்ளைக்காரர்களுக்குப் பயம். அப்புறம் பார்த்தால், எலும்புகள் ரொம்பப் பழசு. தோல் செருப்பு, மோதிரம், மூங்கில் கழி, ஈட்டி முனை எல்லாம் கிடைத்தன. 1950-களில் லக்னோ பல்கலைக்கழக மானுடவியலாளர் டி.என். மஜும்தாரும் சுவாமி பிரணவானந்தாவும் போய் ஆராய்ந்தார்கள். ஆளுக்கொரு ஊகம். 1841-இல் திபெத்தில் தோற்று இறந்த டோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் படையில் தப்பி வந்தவர்கள் என்றார்கள். முகமது பின் துக்ளக் அனுப்பிய படை என்றார்கள். கொள்ளை நோய் என்றார்கள்.

2004-இல் நேஷனல் ஜியாகிரபிக் ஆவணப்படம் வந்தது. கார்பன் சோதனையில் எலும்புகள் கி.பி. 850 வாக்கில் என்று வந்தது. சில மண்டையோடுகளில் மேலிருந்து உருண்டையான ஏதோ ஒன்று தாக்கிய மாதிரி விரிசல். ஆறாத விரிசல், அதாவது அந்த அடியோடு ஆள் போயிருக்க வேண்டும். நிலச்சரிவு என்றால் அடி உடம்பெல்லாம் இருந்திருக்கும். ஆகவே ஆலங்கட்டி. நாட்டுப் பாட்டு சொன்னது நிஜம்!

ஆலங்கட்டியில் ஆள் சாவார்களா என்று கேட்காதீர்கள். 1888 ஏப்ரல் 30-இல் மொராதாபாத் பக்கம் ஆலங்கட்டி மழையில் 246 பேர் செத்திருக்கிறார்கள். உலக வானிலை அமைப்பின் பதிவுகளில் இன்றைக்கும் அதுதான் உச்சம். மொராதாபாத்தாவது ஊர், ஓட வீடு உண்டு. ரூப்குண்டில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கிளம்பினோம். விடிந்து மேலே போய்ச் சேர்ந்தபோது, பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர், சுற்றிச் சரளைக்கல், நடுவே எலும்புகள். யாரோ மண்டையோடுகளை ஒரு பாறை மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள், போட்டோ எடுக்க வசதியாக. நாங்களும் எடுத்தோம். பொய் சொல்வானேன்.

திரும்பும்போது எங்களில் ஒருவர் விரல் நீளத்துக்கு ஒரு எலும்பை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டார். வழிகாட்டி எப்படியோ பார்த்துவிட்டார். கத்தவில்லை. "சார், வைத்துவிடுங்கள். இவர்கள் நந்தாவின் விருந்தாளிகள்" என்றார். நண்பர் சிரித்து மழுப்பினார். அவர் நகரவில்லை. எங்கள் ஏழு பேரையும் பனியில் நிறுத்தி வைத்துவிட்டு, எலும்பு திரும்பக் கீழே போகிற வரை அப்படியே நின்றார். வருகிறவன் போகிறவன் எல்லாம் இப்படி ஆளுக்கொன்று எடுத்துப் போனதில், முழு எலும்புக்கூடு என்று பார்ப்பதே அரிதாகிவிட்டது என்று இறங்கும்போது சொன்னார்.

பத்து வருஷம் கழித்து, 2019 ஆகஸ்டில், நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக் என்று பெரிய குழு. 38 பேருடைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 23 பேர் இந்தியத் துணைக்கண்டத்து மரபு. அதிலும் ஒரே இனத்தார் இல்லை, பல பகுதிகளின் கலவை. காலம் கி.பி. 800-ஐ ஒட்டி, ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் சாகவில்லை. ஏழாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை பரவி இருக்கிறார்கள். அப்போதே 'ஒரே நாள்' கதை அடிபட்டுப் போயிற்று.

நிஜமான அதிர்ச்சி அடுத்தது. மீதியில் 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து மரபு. இன்றைய கிரேக்கர்களுக்கு, குறிப்பாக கிரீட் தீவு மக்களுக்கு, நெருக்கமானவர்கள். ஒருவர் தென்கிழக்கு ஆசியர். இந்தப் பதினைந்து பேரும் செத்தது கி.பி. 1800-ஐ ஒட்டி, அதாவது முதல் கூட்டத்துக்கு ஆயிரம் வருஷம் கழித்து! அலெக்சாண்டர் படையின் வம்சமாக இருக்குமோ என்றால், இல்லை. அப்படியென்றால் உள்ளூர் கலப்பு இருந்திருக்க வேண்டும், அது இல்லை. எலும்பில் தெரியும் சாப்பாட்டுக் கணக்கும் வேறு. முதல் கூட்டத்தில் பலர் தினை வகைத் தானியங்களும் சாப்பிட்டவர்கள், இவர்கள் சாப்பாட்டில் அது அநேகமாக இல்லை.

38 பேரில் 15 பேர் பெண்கள். ஆகவே படை என்ற ஊகம் போயிற்று. நோய்க் கிருமியின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. நெருங்கிய சொந்தக்காரர்கள் யாரும் இல்லை, ஆகவே குடும்பம் குடும்பமாக வந்தவர்களும் இல்லை. முதல் கூட்டத்தில் சிலராவது யாத்திரைக்கு வந்தவர்களாக இருக்கலாம். ஆலங்கட்டியில் சிலர் செத்திருக்கலாம். ஆனால் 1800 வாக்கில் கிரேக்கப் பக்கத்து மனிதர்கள், ஆணும் பெண்ணுமாக, கார்வால் மலையில் 16,500 அடிக்கு ஏன் வந்தார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனி எதையெதையோ எழுதி வைத்த காலம் அது. இவர்களைப் பற்றி ஒரு வரி அகப்படவில்லை.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எவ்வளவு அழகான கதை, ராஜா, ராணி, ஆலங்கட்டி, முடிந்தது. இப்போது முடிவில்லாமல் தொங்குகிறது. அப்புறம் அந்த வழிகாட்டிக்குப் போன் போட்டேன். தீபாவளிக்கு தீபாவளி பேசுகிற பழக்கம் எங்களுக்குள் இருந்தது. கிரேக்கம் எங்கே இருக்கிறது, கடல் தாண்டி எவ்வளவு தூரம் என்று விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஜஸ்தவல் கதை தப்பாகிவிட்டதே என்று அவர் வருத்தப்படவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அவங்க ஊர்ல யாருக்காவது தகவல் சொன்னாங்களா, சார்?"

எந்த ஊர் என்றே யாருக்கும் தெரியாது என்றேன். "அப்போ வீட்டுல காத்துட்டே இருந்திருப்பாங்க" என்றார். எனக்கு மேலே பேச வரவில்லை. ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரத் தாமதமானால் அம்மா எப்படி இருப்பாள் என்று தெரியும்.

2018-இல் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. கூடாரம், குப்பை, குதிரைக் கால் என்று அந்தப் புல் தாங்காமல் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டி வேலையை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் எலும்புகளுக்குக் கொஞ்சம் நிம்மதி என்றுதான் அவரே சொன்னார்.

இப்போது கொலுவில் கதை சொல்லும்போது ராஜா கதையையும் சொல்கிறேன், டிஎன்ஏ கதையையும் சொல்கிறேன். "அப்போ அவங்க யாரு மாமா?" என்று குழந்தைகள் கேட்டால், தெரியாது என்கிறேன். போன நவராத்திரியில் எதிர்வீட்டுப் பெண் விடாமல் "வீட்டுக்கே போகலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

என்றைக்காவது உங்களுக்கு அந்தக் குட்டையைப் பார்க்க வாய்த்தால், போட்டோ எடுங்கள், கும்பிட்டுவிட்டு வாருங்கள். பையில் மட்டும் ஒன்றும் போட்டுக்கொள்ளாதீர்கள்.